நிய்யத் பிழை திருத்துமா?

நம் சமுதாயத்தில் எழுதுவோர் தொகை இன்று பெருகியிருக்கிறது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால், எழுதியதைத் திருப்பிப் படிப்போர் தொகை அருகி வருகிறதே! இரவில் எழுதுகிறார்கள், விடியுமுன் ஊராருக்கு வழங்கிவிடுகிறார்கள். தட்டிக் கேட்டால், "எங்கள் நிய்யத் நல்லது, நிய்யத்துக்குத்தானே கூலி?" என்று நபிமொழியையே கேடயமாக ஏந்துகிறார்கள்.

நிய்யத்தைப் பற்றிய அந்த நபிமொழி எந்த நூலின் வாசலில் நிற்கிறது? ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ் அது. அந்நூலைத் தொகுக்க இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் 16 ஆண்டுகள் உழைத்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. நிய்யத்தின் சிறப்பை முதற்பக்கத்திலேயே பொறித்த அப்பெருந்தகை, நிய்யத் ஒன்றே போதும் என்று ஓராண்டில் முடித்துவிடவில்லையே!

வேறு சிலர், "பிழையில்லாத நூல் உலகில் உண்டா?" என்று கேட்கிறார்கள். இதுவும் இரவல் வாதமே. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தமது 'அர்ரிஸாலா' என்னும் நூலை முன்னரே எழுதியிருந்தும், எகிப்து சென்றபின் அதை மீண்டும் எழுதினார்கள். அவர்களுடைய மாணவர் முஸனீ (ரஹ்) அந்நூலை அவர்களிடம் எண்பது முறை ஓதிக் காட்டினார் என்றும், ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு பிழை தென்பட்டது என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. அதன் பின்னரே, அல்லாஹ்வின் வேதமன்றிப் பிழையற்ற நூல் இராது என்று இமாமவர்கள் அமைந்தார்களாம். எண்பது முறை படித்தவர் இறுதியில் சொன்னதை, ஒருமுறையும் படியாதவர் தொடக்கத்திலேயே சொல்லலாமா?

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ரமலானை ஒட்டி, ஸகாத் பற்றித் துண்டுப் பிரசுரம் ஒன்று வெளியிட்டோம். ஒரு விதவைத் தாய் அதைக் கையில் பிடித்தபடி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், மகள் கலியாணத்துக்குச் சேர்த்த பணம் இது. நாலில் ஒரு பங்கு கொடுத்துவிட்டால் கலியாணம் நடக்காதே" என்று கண் கலங்கினார். திடுக்கிட்டோம். நாற்பதில் ஒரு பங்கு என்பது நான்கில் ஒரு பங்கு என அச்சாகியிருந்தது. அச்சகத்தாரைக் கடிந்துகொள்ளும் எண்ணத்தோடு கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தோம். அந்தோ! பிழை நம் கையெழுத்திலேயே இருந்தது. அச்சுப்படியையும் நாமே பார்த்திருந்தோம். எழுதியவன் கண், தாளில் உள்ளதைப் படிப்பதில்லை. தன் மனத்தில் உள்ளதையே படிக்கிறது என்பதை அன்று உணர்ந்தோம். நம் நிய்யத் நல்லதாகத்தான் இருந்தது. அந்தத் தாயின் கண்ணீரை அது தடுத்ததா?

"ஆசிரியர் திருத்திக்கொள்வார்" என்பாரும் உளர். ஒற்றெழுத்தை அவர் திருத்துவார். நீங்கள் எண்ணிய எண்ணை அவர் எங்ஙனம் அறிவார்? மேலும், நம் எழுத்துக்கென்றே ஒரு தனி இடர் உண்டு. 'கல்பு' என்று தமிழில் எழுதினால் உள்ளமும் அதுவே, நாயும் அதுவே. அரபியில் எழுத்து வேறு, ஒலி வேறு. ஒரு சொல் விளக்கம் சேர்க்கச் சோம்பினால், அரபி அறியாத வாசகர் எதைக் கொள்வார்?

திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகளும் வேண்டும். கைமாற்றுப் பணத்துக்கே இத்துணை பேணுதல் என்றால், மார்க்கத்தை எழுதுவோருக்கு எத்துணை பேணுதல் வேண்டும்!

பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டு ஓதும் 'முகாபலா' நம் முன்னோர் வகுத்த முறை. அதை நாம் கைவிடலாகாது. எழுதியதை ஒருநாள் ஆறப் போடுங்கள். மறுநாள் வீட்டில் ஒருவரை அமர்த்தி உரக்கப் படித்துக் காட்டுங்கள். எண்களையும் வசன இலக்கங்களையும் தனியே எடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். பிழை வெளிவந்துவிட்டால், எங்கே வெளிவந்ததோ அங்கேயே திருத்தத்தையும் வெளியிடுங்கள். இமாம்கள் வெட்கப்படாத ஒன்றுக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

எழுத்து ஓர் அமானிதம். அதைப் பேணும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.