வரவு யார் கணக்கில்?

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று ஊரார் சொல்லுவர். அந்தப் படிகளில் ஏறி இறங்கும் பட உலகத்தாரைப் பற்றி அடிவாரத்து டீக்கடைகளில் பேச்சு எழும்போதெல்லாம், பெரியவர்கள் வாயில் ஒரு பெயர் வந்து விழும் - சாண்டோ சின்னப்பா தேவர். பெயர் வந்ததும் தீர்ப்பும் வந்துவிடும்: "அவருக்கென்ன, முருகன் கொடுத்தான்!" ஒரு மனிதனுடைய அறுபத்து மூன்று ஆண்டு வாழ்வை மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

தோழர்களே, அந்த மூன்று சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

அவருடைய பக்தி பொய் என்று சொல்ல வரவில்லை. பொய்யில்லை. இலாபத்தில் ஒரு பங்கை முருகன் கோயில்களுக்கென்று ஒதுக்கியவர் அவர். 1972-ல் முருகன் தலங்களை வைத்தே 'தெய்வம்' என்று ஒரு படமும் எடுத்தவர். நம்பிக்கை அவருடையது; அதுபற்றி நமக்குள்ள கருத்து நாடறிந்தது; இன்று அதைக் கிளறப் போவதில்லை. நாம் கேட்பது வேறு. அந்த மார்பை அகலமாக்கியது யார்? அந்தத் தோளைத் திரட்டியது யார்? விடியுமுன் எழுந்து கர்லாக்கட்டை சுழற்றியது எந்தக் கை? ஆறுமுகத்துக்குப் பன்னிரண்டு கை உண்டென்பார்கள். சின்னப்பாவுக்கு இருந்தவை இரண்டே கை!

1915-ல் கோவை இராமநாதபுரத்தில் பிறந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. படிக்க ஆசையில்லாமலா நின்றது? வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! பங்கஜா மில்லுக்குக் கூலி வேலைக்குப் போனார். பின்பு பால் விற்றார். சோடாக் கடை பார்த்தார். நம் தோழர்களில் பாதிப்பேருடைய கதை இதுதான். மில்லின் பெயரை மாற்றினால் போதும். மற்றவர்கள் சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போன நேரத்தில் இவர் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். வேறுபாடு அந்த இடத்தில்தான் தொடங்கியது. 'வீரமாருதி தேகப் பயிற்சி சாலை' என்று கூட்டாளிகளோடு சேர்ந்து ஒன்றை நடத்தினார். மண் தரை, இரும்புக் குண்டு, கர்லாக்கட்டை, வியர்வை. அதுதான் அவருடைய கல்லூரி.

அந்தக் கல்லூரி கொடுத்த பட்டம்தான் 'சாண்டோ'. சாண்டோ என்பது ஒரு மனிதனின் பெயர். 1867-ல் ஜெர்மன் நாட்டுக் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்த யூஜின் சாண்டோ, மேடையேறித் தன் தசையைக் காட்டியே உலகத்தைச் சுற்றியவர். 1904, 1905-ல் இந்தியாவுக்கும் வந்து போனார். அவர் வந்து போன பிறகு உடம்பைத் தேற்றிய இளைஞனையெல்லாம் நம் ஊரில் சாண்டோ என்றார்கள். கையில்லாத பனியனுக்குக்கூட அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது! இன்று அந்தப் பனியனை மாட்டிக்கொண்டு தறியில் நிற்கும் தோழருக்கு, தாம் ஒரு பயில்வானின் பெயரைப் போட்டிருப்பது தெரியுமோ, தெரியாதோ.

கோவையில் அன்று சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. சண்டைக் காட்சிக்கு ஆள் வேண்டும். அடி வாங்க உடம்பு வேண்டும். பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்தார்கள். அப்படி உள்ளே போனவர் சின்னப்பா. வாய்ப்புத் தேடிக் கோவையில் தங்கியிருந்த எம்.ஜி.ஆரும் அந்தக் கூடத்தில் உடற்பயிற்சி செய்தவர்தான். 1947-ல் ஜூபிடர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி'. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம்; வசனத்தில் கலைஞரின் கை இருந்த படம். அதில் கதாநாயகனோடு மோதும் பயில்வான் வேடத்துக்குப் பெயர் பெற்ற வேறொருவரைப் போடலாம் என்று கம்பெனியார் எண்ணியபோது, "சின்னப்பாவைத்தான் போட வேண்டும்" என்று நின்றவர் எம்.ஜி.ஆர். தமக்கே நாற்காலி உறுதியாகாத நேரத்தில் பக்கத்தில் நின்ற தோழனுக்கும் இடம் கேட்டார்! இதையும் முருகன் கணக்கிலா எழுதுவது? தோழமைக்கென்று ஒரு பேரேடு கிடையாதா?

1956-ல் தேவர் பிலிம்ஸின் முதல் படம் 'தாய்க்குப் பின் தாரம்'. பிறகு இருவருக்கும் மனத்தாங்கல். சில ஆண்டு விலகல். 1961-ல் 'தாய் சொல்லைத் தட்டாதே'யில் மறுபடி கூடினார்கள். மொத்தம் பதினாறு படங்கள். 1964-ல் 'தொழிலாளி', 1967-ல் 'விவசாயி'. பெயர் வைப்பதிலேயே டிக்கெட் வாங்குகிறவன் யாரென்று தெரிந்து வைத்த மனிதர். கலை நயம் தேடுவோர் அந்தப் படங்களைப் பார்த்து முகம் சுளிக்கலாம். நாமும் அவற்றைக் காவியம் என்று சொல்லவில்லை. அம்மா, தங்கை, ஒரு சண்டை, ஒரு மாடு, ஒரு யானை. சூத்திரம் அவ்வளவுதான். ஆனால் 1971-ல் அந்த யானையையே இந்திக்குக் கொண்டுபோய், ராஜேஷ் கன்னாவை வைத்து 'ஹாத்தி மேரே சாத்தி' எடுத்து, வடநாட்டுக் கொட்டகைகளையெல்லாம் நிரப்பினார். இந்தி படித்தால்தான் வடக்கே பிழைக்கலாம் என்று நமக்கு உபதேசம் செய்வோர், ஐந்தாம் வகுப்புப் படித்த கோவைத் தமிழர் அங்கே செய்த வசூலைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்!

இவை எல்லாவற்றையும்விட நம் தோழர்கள் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சம்பளம்! பட உலகில் பாக்கி வைப்பது பழைய வழக்கம். "படம் முடியட்டும்", "வெளியாகட்டும்", "வசூல் வரட்டும்" என்று இழுப்பார்கள். பெரிய நடிகருக்குக் காசு வந்துவிடும். விளக்குப் பிடித்தவன், மாடியிலிருந்து குதித்தவன், மேக்கப் பெட்டி தூக்கியவன் வாசலில் நிற்பான். தேவரோ, பேசிய தொகையைப் படம் தொடங்குமுன்பே கையில் கொடுத்துவிடுகிறவர் என்று பெயரெடுத்தார். வெளியீட்டு நாளையும் முன்கூட்டியே குறித்து, அந்த நாளில் படத்தைக் கொண்டுவந்தார். கோபக்காரர், வாய் கடுமையானது, வேலையில் சோம்பினால் விடமாட்டார். இருந்தும் அவரிடம் வேலைக்குப் போட்டி இருந்தது. ஏன்? மாதக் கடைசியில் கைநீட்டி நின்ற கூலிக்காரன் ஒருவன் அவருக்குள் சாகாமல் இருந்தான்!

அடி வாங்கி முன்னுக்கு வந்தவர் இவர் ஒருவரே அல்லர். பஞ்சாபில் தர்மூசக் சிற்றூரில் 1928-ல் பிறந்த தாராசிங், 1947-ல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போய், அங்கே வேலை செய்துகொண்டே மல்யுத்தம் கற்றவர். 1954-ல் ருஸ்தம்-இ-ஹிந்த் பட்டம். 1968-ல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸை வீழ்த்தி உலகப் பட்டம். இடையிலேயே 1962-ல் 'கிங்காங்' படத்தின் நாயகன். உடம்பு தேறினவனை "என்ன, பெரிய தாராசிங்கா?" என்று நம் பக்கத்தில் கேட்பார்களே, அவர்தான். ஆனால் 1987-ல் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமார் வேடம் கட்டினாரே, அதன்பின் மல்யுத்தக் களத்தில் அவர் சிந்திய வியர்வை மறந்துபோயிற்று. அனுமாரே நேரில் வந்ததாகக் கும்பிட்டார்கள்! 2003-லிருந்து 2009 வரை நியமன உறுப்பினராக மாநிலங்களவையிலும் அமர வைத்தார்கள்.

அமெரிக்காவிலும் வீரர்கள் நடிக்கப் போவதுண்டு. ஷகில் ஓ'நீல் என்ற கூடைப்பந்து வீரர், ஏழடிக்கு மேல் உயரம். 1992-ல் தொழில்முறை ஆட்டத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே பாட்டுத்தட்டு வெளியிட்டார். 1996-ல் 'கசாம்' படத்தில் பூதமாக நடித்தார். அவருக்கு அது வேடிக்கை. பந்தாட்டமே கோடிகளைக் கொட்டிக் கொடுத்துவிட்டது, வேடம் மேல்வரும்படி. சின்னப்பாவுக்கோ கர்லாக்கட்டை ஒரு காசு தரவில்லை. அந்த உடம்பை ஒரு ஸ்டூடியோ வாசலில் கொண்டுபோய் விற்றால்தான் சோறு. அந்த நிலை இன்றும் முழுதாக மாறிவிட்டதா? மாவட்டத்துக்காகக் கபடி ஆடிய பிள்ளை, மாநிலத்துக்காகப் பளு தூக்கிய பிள்ளை, வேலைக்கு எங்கே போய் நிற்கிறான்?

திருத்தணியைச் சுற்றிப் பார்ப்போம். 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழ்நாட்டோடு சேர்ந்த எல்லை மண் இது. பொதட்டூர்ப்பேட்டையில் தறி ஓட்டும் தம்பி, விடியற்கால ரயிலில் அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் ஓடும் தம்பி, தமிழ் பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவன், எல்லோரும் படம் வெளியாகும் நாளில் ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள். நடிகனின் கட்-அவுட்டுக்குக் குடம் குடமாய்ப் பால் ஊற்றுகிறார்கள். பால் விற்றுப் பிழைத்த சின்னப்பா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அச்சில் ஏற்ற முடியாது! ஊற்றுகிற தம்பியின் மார்பையும் பாருங்கள். விலா எலும்பை எண்ணலாம். அந்தப் பாலை அவனே குடித்தால் ஆகாதா?

குளிரூட்டிய கூடத்தில் கண்ணாடி முன் நின்று உடம்பு தேற்ற, மாதக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. தறிக்காரன் மகனால் ஆகுமா? ஒரு காலத்தில் நம் தோழர்கள் தெருத் தெருவாய்ப் படிப்பகம் திறந்தார்கள். யாரும் வரம் கொடுத்துத் திறக்கவில்லை, ஆளுக்கு நாலணா போட்டுத் திறந்தார்கள். அதே படிப்பகத்தின் பின்கட்டில் பத்தடி மண் போதும். இரண்டு கர்லாக்கட்டை, ஒரு பளு, கற்றுக்கொடுக்க ஓய்வு பெற்ற ஒரு பயில்வான். அவருக்கு மாதச் சம்பளம் - முதல் தேதியே! வரும் கிளைக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். இடம் எது, யார் பொறுப்பு, எவ்வளவு சேர்ந்தது என்று எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.