ரெட்டைக்குழலுக்கு உப்புத்தாள் போடாதீங்க மக்கா!

பீரங்கி என்றால் வரலாறு, துப்பாக்கி என்றால் வில்லங்கம். நம்மூர் நியாயம் இதுதான். உதயகிரிக் கோட்டைக்குப் போனால் டிலனாய் கல்லறை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். அதுவே இராஜாக்கமங்கலத்தில் ஒரு பழைய வீட்டுப் பரணில் ரெட்டைக்குழல் துப்பாக்கி கிடந்தால், "சனியனை ஸ்டேஷன்ல குடுத்துத் தொலை" என்போம்.

சட்டமே அப்படித்தான் என்பவர்களுக்கு: 2019 திருத்தத்தின்படி ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், தாத்தா சொத்தாக வந்தாலும் இரண்டுதான். சரி. ஆனால் 2020-இல் அதே உள்துறை அமைச்சகம், 'கியூரியோ' வகைத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்றது. சுடவோ எடுத்துக்கொண்டு போகவோதான் உரிமம் வேண்டும். அதாவது பழசுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எது பழசு என்று பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. குழலைக் கழற்றி அடிப்பக்கம் திருப்பினால் சோதனை முத்திரைகள் இருக்கும். "நாட் ஃபார் பால்" என்று அடித்திருந்தால் (பால்காரருக்கு அல்ல, ஒற்றைக் குண்டு போடாதே என்று பொருள் :-)) அது 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்ட இங்கிலாந்துச் சரக்கு. நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். மேலே எத்தனை பந்தாவாக இங்கிலீஷ் பெயர் வெட்டியிருந்தாலும் சரி! குழல் முழுக்க நெளிநெளியாகக் கோலம் ஓடினால் 'டமாஸ்கஸ்'. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்தது. அதில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கலாம், கை போகலாம்.

இந்தக் கோலத்தைத்தான் நம் ஆட்கள் துரு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். முத்திரையும் சேர்ந்தே போகும். அப்புறம் "மகாராஜா குடுத்தது" என்று கதை சொல்லலாம், யார் மறுக்கப் போகிறார்கள்?

துப்பாக்கி ஆபத்து என்கிறீர்களா, ஒத்துக்கொள்கிறேன். தோட்டா ஒன்றுகூட வேண்டாம். நான் கேட்பது இவ்வளவுதான்: ஒப்படைத்த துப்பாக்கி திரும்பப் பெறாமல் கெடு தாண்டி அரசுடைமை ஆகும் முன்னால், முத்திரையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துப் படமெடுத்துப் பதிந்து வைக்கட்டும். தேறுவதைக் கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கட்டும். பரணில் வைத்திருப்பவர்களே, அதுவரை ஆக்கர் கடைப் பக்கம் போகாதீர்கள். தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.