அரைப்பேர்க் காதல்

முதலாளிக்கும் அவரிடம் வேலை செய்யும் பெண்ணுக்கும் இடையே மெல்ல மெல்ல மலரும் காதல், தொலைக்காட்சித் தொடர்களுக்கு வற்றாத சரக்காகிவிட்டது. 2017இல் தொடங்கி 2022 வரை ஓடிய ‘செம்பருத்தி’யில் பெரிய வீட்டு வாரிசு ஆதியும் அங்கே வேலை செய்யும் பார்வதியும், 2017இலேயே வந்த ‘ராஜா ராணி’யில் கார்த்திக்கும் பணிப்பெண் செம்பாவும். தமிழ்நாட்டில் தயாரான இக்கதைகளை நோட்டன் பிரிட்ஜ் லயங்களிலும் நம் மக்கள் விரும்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு பார்வைக்கும் ஒரு சொல்லுக்கும் இடையில் நூறு நாள் கடத்துவதை நாம் குறை கூறவில்லை. களவையும் அலரையும் இற்செறிப்பையும் பாடிய மொழி நம்முடையது. தடை, காதலுக்குச் சுவை என்பதை நம் புலவர்கள் நன்கறிவர். நாம் கேட்பது ஒன்றுதான்: எது தடை?

தொடர்களில் தடை என்பது மாமியாரின் சூழ்ச்சி, அந்தஸ்து வெறி. சூழ்ச்சி முறிந்ததும் தாலி ஏறுகிறது. வேலைத்தலத்தின் உண்மையான தடையை எவரும் எழுதுவதில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் எந்த மலைக்குப் போவது என்று சொல்பவனும், மாலையில் கொழுந்தை நிறுத்து முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதுபவனும் பெரும்பாலும் ஆண்களே. அவர்களில் ஒருவன் பறிக்கும் பெண்ணைப் பார்த்துச் சிரித்தால் அவள் என்ன செய்வாள்? மறுத்தால் நாட்சம்பளத்தில் பாதி போகுமோ என்ற அச்சத்தை நாணம் என்று காட்டுவதா? அவளுடைய மௌனத்தைச் சம்மதம் என்று இசை கூட்டி முழக்குவதா?

அதிகாரத்தில் உள்ளவர் வேலைத்தலத்தில் விரும்பத்தகாத பாலியல் அணுகுமுறையில் ஈடுபடுவது குற்றம் என்று இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1995இலேயே திருத்தப்பட்டது. அதற்கும் பல்லாண்டுகள் முன்னரே, 1930களில், புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து அதிகாரம் மருதியின் வாழ்வை எப்படிச் சிதைத்தது என்று எழுதிக் காட்டினார். சட்டமும் இலக்கியமும் கண்ட உண்மை, தொடர் எழுதுவோர் கண்ணில் மட்டும் படவில்லையா?

அடியோர், வினைவலர் ஆகியோரின் காதலைத் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்குள் சேர்க்கவில்லை. கைக்கிளை, பெருந்திணை என்னும் புறத்தே நிறுத்திற்று. இன்றைய தொடர்கள் அந்த வேலியை உடைத்துவிட்டதாக மார் தட்டுகின்றன. உடைத்தனவா? வேலைக்காரி உள்ளே வருகிறாள். ஆனால் முதலாளியின் மனைவியாக மட்டுமே வருகிறாள். அவள் உழைப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது. அவளோடு வேலை செய்த மற்றவர்களின் கூலி ஒரு சதமும் உயர்வதில்லை. உழைப்பவள் ஒருத்திக்கு உயர்வு வேண்டுமானால் உடைமையாளனை மணப்பதே வழி என்பதுதான் இவர்கள் கற்பிக்கும் பாடம். இது காதலுக்கும் அரைப்பேர், உழைப்புக்கும் அரைப்பேர்.

எழுத்தாளர்களே, காதலை எழுதுங்கள். ஆயிரம் அத்தியாயமும் எழுதுங்கள். ஆனால் அவள் ‘முடியாது’ என்று சொன்ன மறுநாளும் அவளுக்கு முழுப்பேர் விழும் உலகை முதலில் எழுதுங்கள். மறுக்க முடிந்தவள் தரும் சம்மதமே காதல்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இன்றிரவு தொடர் முடிந்ததும் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பெண்ணுக்கு மறுக்க வழி இருந்ததா?