அண்ணல் மூடிய ஆலோசனைக் கடையும் நம் கைப்பேசிச் செயலிகளும்

கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து, இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். தங்க ஓர் அறைகூடக் கிடைக்காமல் துரத்தப்பட்டு பம்பாய் வந்தார். அங்கே பிழைப்புக்காக அவர் தொடங்கியவற்றில் ஒன்று, பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம். ஆலோசகர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று.

சந்தைக்குச் சாதி தெரியாது என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பழைய கதை என்பார்களானால், 2012இல் வெளியான ஓர் ஆய்வைக் காட்டலாம். இந்தியாவின் ஆயிரம் பெரிய நிறுவனங்களின் இயக்குநர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு.

இதைச் சொல்லிவிட்டு, "பங்குச் சந்தையே சூதாட்டம், நமக்கெதற்கு" என்று ஒதுங்குவது நம் தோழர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் ஒதுங்கினாலும் நம் பிள்ளைகள் ஒதுங்கவில்லை. முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் தம்பிகள் பலரின் கைப்பேசியில் ஏற்கெனவே ஒரு வர்த்தகச் செயலி இருக்கிறது. அவர்களுக்குக் கற்றுத்தர வீட்டில் ஆளில்லை. டெலிகிராம் குழுதான் ஆசான்.

பங்கு என்பது என்ன? ஒரு நிறுவனத்தின் உரிமையில் ஒரு துண்டு. ஒரு லட்சம் பங்குகள் கொண்ட நிறுவனத்தில் நூறு பங்கு வைத்திருப்பவருக்கு ஆயிரத்தில் ஒரு பாகம் சொந்தம். லாபத்தைப் பிரித்துக் கொடுத்தால் ஈவுத்தொகை வரும். விலை ஏறினால் விற்று லாபம் பார்க்கலாம். நிறுவனம் நொடித்தால் கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்து மிஞ்சியதுதான் பங்குதாரருக்கு. பெரும்பாலும் மிஞ்சாது. நிறுவனம் புதிய பங்கு வெளியிடும்போது மட்டுமே நம் பணம் அதன் கைக்குப் போகிறது. பிறகு தினமும் நடப்பது, ஒருவர் விற்க இன்னொருவர் வாங்குவது. பங்குதாரர் கூட்டத்தில் வாக்கும் உண்டு. ஆனால் அங்கே ஆளுக்கொரு வாக்கு கிடையாது, பங்குக்கொரு வாக்கு. ஜனநாயகம் அந்த வாசலோடு நின்றுவிடுகிறது.

நம் இளைஞர்கள் பணத்தைத் தொலைப்பது அதிகமும் பங்கில் அல்ல, எஃப் அண்ட் ஓ எனப்படும் ஒப்பந்த வணிகத்தில். ஆப்ஷன் வாங்குகிறவர் நிறுவனத்தில் எதையும் வாங்குவதில்லை. குறித்த நாளுக்குள் விலை இந்த அளவைத் தாண்டும் என்று பணம் கட்டுகிறார். தாண்டாவிட்டால் கட்டியது முழுதும் போகும். செபியின் 2024ஆம் ஆண்டு ஆய்வுப்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எதிர்ப்பக்கம் லாபம் பார்த்தவை பெரும் தரகு நிறுவனங்களும் வெளிநாட்டு நிதிகளும். அவற்றுக்காகப் பெரும்பாலும் வர்த்தகம் செய்தவை கணினி நிரல்கள். வேலை இடைவேளையில் தேநீர் குடித்துக்கொண்டே கைப்பேசியைத் தட்டும் நம் தம்பி மோதுவது அவற்றோடு.

நட்டம் எல்லோருக்கும் ஒன்றாக விழுவதில்லை. மூன்று தலைமுறைச் சொத்துள்ள வீட்டில் இரண்டு லட்சம் போனால் அது அனுபவம். நம் வீட்டில் அது தங்கையின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் அடகு நகை.

ஆகவே, முதலில் வட்டிக் கடனை அடையுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் வையுங்கள். மருத்துவக் காப்பீடு எடுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுவதில், ஐந்தாறு ஆண்டுகள் தொடத் தேவையில்லாத தொகையை மட்டும், குறைந்த கட்டணமுள்ள குறியீட்டு நிதியில் மாதந்தோறும் போடலாம். நிஃப்டி 50 நிதி என்றால் ஐம்பது பெரிய நிறுவனங்களிலும் சிறு சிறு துண்டு. அதுவும் இறங்கும், சில ஆண்டுகள் இறங்கியே கிடக்கலாம். கடன் வாங்கி முதலீடு செய்யாதீர்கள். "உறுதியான லாபம்" என்று யார் சொன்னாலும் குழுவை விட்டு வெளியேறுங்கள். ஆலோசகர் என்று சொல்லிக்கொள்பவரின் பதிவு எண்ணை செபி இணையதளத்தில் சரிபாருங்கள்.

இதனால் சாதி ஒழியாது. நிலமும் இடஒதுக்கீடும் கேட்கும் போராட்டத்துக்கு இது மாற்றும் அல்ல. ஆனால் அரசுத் தேர்வுக்கு வகுப்பெடுக்கும் நம் இரவுப் படிப்பகங்களில், மாதம் ஒரு மாலை ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்துவைத்துப் படிக்கலாம். கடன் எவ்வளவு, லாபம் எங்கிருந்து வருகிறது, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர் என்று பாருங்கள். இயக்குநர்களின் பெயர்ப் பட்டியலும் அதிலேயே இருக்கும்.