கஸ்ரெலோறிசோ: மீன்பிடித் துறைமுகம் என்றொரு பொய்

கோடை விடுமுறையில் கிரேக்கத் தீவுகளைப் பாய்ப்படகில் சுற்றிவருவது எம்மவர் சிலருக்கும் இப்போது கைகூடியிருக்கிறது. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து படகை வாடகைக்கு எடுக்கிறார்கள். எடுக்கட்டும். இரவில் ஒளிந்து கடல் கடந்தவர்கள் பகலில் பாய் விரித்துப் போவதில் எங்களுக்கு மனக்குறை எதுவுமில்லை. எங்கள் சண்டை அவர்கள் திரும்பிவந்து சொல்லும் ஒரு வசனத்தோடுதான்: "சின்ன மீன்பிடித் துறைமுகம், சோக்கான அமைதி."

கஸ்ரெலோறிசோவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 9 சதுர கிலோமீற்றர். துருக்கிக் கரை 2 கிலோமீற்றர் தூரத்தில். ஏதென்ஸ் 500 கிலோமீற்றருக்கும் அப்பால். நாங்களும் போனோம். நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் படகின் பின்பக்கத்தைக் கரையோடு கட்டினால், கால் வைக்கும் இடத்திலேயே சாப்பாட்டுக்கடை மேசை. தண்ணீரில் பெரிய கடலாமைகள் மிச்சம்மீதிக்காகச் சுற்றித் திரிகின்றன. அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் இது ஒருகாலத்தில் வெறும் மீன்பிடிக் குடாவா? சொந்தப் பாய்க்கப்பல்கள் வைத்திருந்த வணிகர்களின் ஊர் இது. எதிர்க்கரை அனத்தோலியாவின் மரமும் கரியும் எகிப்துவரை இவர்களுடைய கப்பல்களில் போயின. எதிர்க்கரையில் இவர்களுக்கு நிலங்களும் இருந்தன. 1915இல் பிரெஞ்சுப்படை வந்தது. 1921இல் இத்தாலி வந்தது. 1923இல் கிரேக்க துருக்கி மக்கள் பரிமாற்றம். இரண்டு கிலோமீற்றர் கடல் ஒரு எல்லையானதும் வாணிபம் செத்தது. சனம் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது.

மிஞ்சியிருந்தவர்களை 1943இல் யுத்தம் தூக்கியெறிந்தது. பிரித்தானியப் படை தீவில் இறங்க, ஜேர்மன் விமானங்கள் குண்டு போட்டன. மக்கள் சைப்பிரசுக்கும், அங்கிருந்து பாலஸ்தீனத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். காசாவின் நுசைராத் முகாமில் கிரேக்க அகதிகள் இருந்தார்கள் என்பதைப் படகுக்காரரின் வழிகாட்டிப் புத்தகங்களில் தேடிப் பாருங்கள்! 1944இல் எரிபொருள் கிடங்கு தீப்பற்றி ஊரின் வீடுகளில் பெரும்பகுதி எரிந்தது. 1945 செப்டெம்பரில் ஊர் திரும்பியவர்களை ஏற்றிவந்த 'எம்பயர் பற்றோல்' கப்பல் போர்ட் சயித்துக்கு அப்பால் தீப்பிடித்து 33 பேர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவில் இன்று 500 பேரளவில்தான். நீங்கள் கேட்டு வந்த அமைதி இதுதான்.

சரி, மீன்பிடியாவது மிஞ்சியதா? 1990களிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் மீன் வளத்தைக் காப்பதற்கென்று, அனுமதிப் பத்திரத்தையும் வள்ளத்தையும் ஒப்படைக்கும் மீனவர்களுக்குப் பணம் கொடுத்தது. வள்ளத்தை உடைத்தாக வேண்டும். அப்படிக் கிரேக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் அழிந்தன. கையால் செதுக்கிக் கட்டிய மரப்படகுகளை இயந்திரம் வைத்து நொறுக்கினார்கள். அதே ஒன்றியத்தின் சுற்றுலாக்காரர் வந்து, மிஞ்சிய நாலு வண்ணப் படகுகளைப் படம்பிடிக்கிறார். கிரேக்கக் கடைகளின் உணவுப் பட்டியலில் கணவாய்க்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி இருந்தால், அது உறையவைத்த கணவாய். மீன்பிடித் துறைமுகமாம்!

"விடுமுறையிலும் அரசியலா?" என்று நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். "அந்தச் சனம் நாள் முழுக்கக் கோப்பிக் கடையில் குந்தியிருக்குது, சோம்பேறிகள்" என்றும் ஒருவர் சொன்னார். எங்களைப் பற்றி ஐரோப்பியர் சொன்ன சொல்தான் இது. கடன் வாங்கியதைக் கிரேக்கனிடம் செலவழிக்கிறார்.

மயிலிட்டித் துறைமுகம் 1990இல் எங்கள் கையைவிட்டுப் போய் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. அந்த 27 வருடத்தில் ஒரு உல்லாசப் படகு அங்கே ஒதுங்கியிருந்தால் என்ன எழுதியிருக்கும்? கெடாத கரை, வெறிச்சோடிய அழகு, சோக்கான அமைதி என்றுதானே? வெள்ளைக்காரன் அப்படி எழுதினால் அறியாமை என்று விடலாம். நாங்கள் எழுதலாமா?

போங்கள், படகிலேயே போங்கள். மேலே ஏறும் தெருக்களில் கூரையில்லாத சுவர்களைப் படமெடுக்குமுன், அவை யாருடையவை என்று கேளுங்கள். ஓகஸ்ட்டில் பேர்த்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து தாத்தாவின் வீட்டு யன்னல்களைத் திறப்பார்கள். அவர்களிடமும் கேளுங்கள். ஆங்கிலத்தில்தான் பதில் வரும்.