சைலன்சரை மாத்திட்டு கார்புரேட்டரைத் திட்டாதீங்க!



புல்லட் வாங்கின கையோட கம்பெனி சைலன்சரைக் கழட்டி எறியறது தலைநகரத்துல ஒரு சடங்காவே ஆயிடுச்சு. கரோல் பாக் பக்கம் போனா 'இந்தோரி', 'பஞ்சாப்'னு விதவிதமா தொங்கும். மாட்டிட்டு வந்த ஜோர்ல தெருவே அதிரும். அப்புறம்தான் புலம்பல் ஆரம்பிக்கும். "சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது, ஆக்ஸிலேட்டரை விட்டா பட்டாசு வெடிக்குது, கார்புரேட்டர் போச்சு போல!"

கார்புரேட்டர் எங்கயும் போகலைங்க. அது தன் வேலையைத்தான் பார்க்குது. மாறினது சைலன்சர்.

கொஞ்சம் ஊர்ப் பெருமை பேசிக்கறேன். புல்லட் நம்ம ஊர் வண்டி. 1955-ல மதராஸ்ல என்ஃபீல்டு இந்தியா தொடங்கினாங்க, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்தது. பழைய 350-ல இருக்கற மிக்கார்ப் கார்புரேட்டரும் சென்னை யூகால் கம்பெனி ஜப்பானோட மிக்குனி நுட்பத்துல செஞ்சது. அந்தக் கார்புரேட்டருக்குள்ள இருக்கற ஒவ்வொரு ஜெட்டும் ஒரு குறிப்பிட்ட சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மனசுல வெச்சு அளவெடுத்தது. தச்சுக் கொடுத்த சட்டையை வேற ஆளுக்குப் போட்டுவிட்டு தையல்காரரைக் குறை சொல்லலாமா?

நடக்கறது என்னன்னா, தடுப்பில்லாத சைலன்சர் வழியா புகை சீக்கிரம் வெளியேறுது. எஞ்சின் கூடுதலா காத்தை இழுக்குது. பெட்ரோல் அந்த அளவுக்குக் கூடறதில்ல. இதைத்தான் மெக்கானிக்குங்க 'லீன்'னு சொல்வாங்க. ஆக்ஸிலேட்டரை விட்டதும் கலவை இன்னும் மெலிஞ்சு சிலிண்டருக்குள்ள சரியா எரியாம, சூடான குழாய்க்குள்ள போய் வெடிக்கும். தில்லிப் பசங்க 'பட்டாக்கா'னு பெருமையா சொல்றாங்களே, பல வண்டியில அது இந்த லீன் கோளாறுதான்! குழாய் ஜாயின்ட்ல காத்து கசிஞ்சா சத்தம் இன்னும் கூடும்.

இதுக்கு முக்குக்கடை வைத்தியம் ஒண்ணு உண்டு. ஐடிலிங் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து முறுக்கி விட்டுடறது. வண்டி நிக்காது, சரிதான். ஆனா அந்த ஸ்க்ரூ பிஸ்டன் வால்வைக் கொஞ்சம் தூக்கி வைக்குது, அவ்வளவுதான். கலவை மெலிஞ்சது மெலிஞ்சபடியே இருக்கும். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில திருகிக்கிட்டுப் போகும்போது பெட்ரோலை அளக்கறது மெயின் ஜெட். அங்க லீனா ஓடினா பிஸ்டனும் எக்ஸாஸ்ட் வால்வும் வெந்துடும். மரம் அறுக்கற பவர் சா மாதிரி டூ ஸ்ட்ரோக் சாமான்ல இன்னும் மோசம். கலவை மெலிஞ்சா பெட்ரோலோட போற ஆயிலும் சேர்ந்தே குறையும். அப்புறம் சீஸ்தான்.

முறைப்படி செய்யணும்னா எஞ்சின் நல்லா சூடாகணும், ஏர் ஃபில்டர் சுத்தமா இருக்கணும். மிக்கார்ப்ல ஏர் ஸ்க்ரூவை மெதுவா முழுசா மூடி, ஒன்றரைச் சுத்து திறந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி எஞ்சின் எங்க வேகமா, சீரா ஓடுதோ அங்க நிறுத்தணும். அப்புறம்தான் ஐடிலிங்கைக் குறைக்கணும். இதுல ஏர் ஸ்க்ரூவை மூடினா பெட்ரோல் கூடும். பின்னாடி வந்த வேக்யூம் டைப் கார்புரேட்டர்ல பெரும்பாலும் தலைகீழ். முக்கால்வாசி மூடியும் சரியாகலைன்னா பைலட் ஜெட் பத்தலைன்னு அர்த்தம். ஸ்க்ரூ டிரைவரோட வேலை அங்க முடிஞ்சது.

'டக்... டக்...'னு எண்ணற மாதிரி ஐடிலிங்கை இறக்கறதும் வேண்டாங்க. எஞ்சின் வேகம்தான் ஆயில் பம்போட வேகமும். கேட்க சுகம், ஆனா மேல வால்வுக்கு ஆயில் ஏறாது.

தில்லிக்குன்னு தனியா ஒரு தலைவலியும் இருக்கு. மே மாசம் 45 டிகிரி, ஜனவரி காலையில 5 டிகிரி. குளிர்ந்த காத்தோட அடர்த்தி சுமார் 14 சதவீதம் அதிகம். கோடையில ட்யூன் பண்ண வண்டி குளிர்ல தானாவே லீன் ஆயிடும். சென்னையில இந்த வித்தியாசம் ரொம்பக் கம்மி. ஏற்கனவே திறந்த சைலன்சர், அதோட தில்லிக் குளிர்... காலையில கிக்கர் உதைச்சே கால் வீங்கிடும் :)

2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்ததுலேர்ந்து புது புல்லட்ல கார்புரேட்டரே கிடையாது. திருக ஸ்க்ரூவும் இல்ல. கம்பெனிக் குழாயைக் கழட்டினா புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் பல நேரம் சேர்ந்தே போயிடும். இந்த ஊர்க் காத்துக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்!

"நல்லா ட்யூன் பண்ணிட்டா அப்ப மாட்டிக்கலாமா?"னு கேட்பீங்க. வேண்டாம்னுதான் சொல்வேன். 175 சிசிக்கு மேல உள்ள பைக்குக்கு 2005 ஏப்ரல்ல வெச்ச வரம்பு 80 டெசிபல். குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10 மணிக்கு மேல அனுமதிச்ச சத்தம் 45 டெசிபல்தான். 2019 செப்டம்பர்ல அமலான திருத்தப்படி, சத்தம், புகை விதியை மீறினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை, லைசென்சும் மூணு மாசம் முடங்கும். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கற நமக்கு இது தேவையா?

சட்டத்தை விடுங்க. மயூர் விஹார்லயும் ஜனக்புரியிலயும் நம்ம குடியிருப்புகள்ல மூணாவது மாடியில ஒரு பொண்ணு போர்டு எக்ஸாமுக்குப் படிச்சிட்டிருக்கும். கீழ ஒரு பெரியவர் மாத்திரை போட்டு இப்பதான் கண் அசந்திருப்பார். நம்ம பையன் பட்டாக்கா விட்டுட்டுப் போனா "மதராஸிப் பையன்"னு சேர்த்துத்தான் பேசுவாங்க.

கழட்டின கம்பெனி சைலன்சர் பரண்லதானே கிடக்கு? இறக்கித் துடைச்சு, புது கேஸ்கெட் வெச்சு மாட்டச் சொல்லுங்க. ஜெட்டை மாத்தியிருந்தா அதையும் பழையபடி வெச்சு, ஏர் ஸ்க்ரூவை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. புல்லட்டோட கம்பீரம் அதோட நிதானத்துலதான் இருக்கு, சத்தத்துல இல்ல. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?