விரலில் கிளிப் மாட்டினால் போதுமா?

விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போகும் நம் பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கட்டியோ பித்தப்பைக் கல்லோ வந்தால், இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பிதான். சின்னத் துளை, சீக்கிரம் கூலிக்குத் திரும்பலாம். அதை நான் எதிர்க்கவில்லை. மேசையில் கிடக்கும்போது உடம்பில் எத்தனை பாயிண்ட் ரத்தம் இருக்கிறது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அதுதான் கேள்வி.

ஊசி குத்தாமல், விரலில் ஒளி பாய்ச்சி ஹீமோகுளோபினைக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. மாசிமோ நிறுவனத்தின் கருவிக்கு 2008இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அந்நிறுவனம் சொல்லும் துல்லியமே 8 முதல் 17 வரையில், ஒரு பாயிண்ட் கூடக் குறைய. அதுவும் மூன்றில் இரண்டு முறைதான். மீதி முறை இன்னும் விலகலாம். 13 பாயிண்ட் உள்ளவருக்கு ஒரு பாயிண்ட் பெரிதல்ல. 8இல் நிற்பவருக்கு அது ரத்தம் ஏற்றுவதா வேண்டாமா என்ற முடிவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள், மேசையைச் சாய்ப்பார்கள். ரத்த ஓட்டம் மாறும். குளிரிலோ ரத்தம் இழந்தாலோ விரலுக்கு வரும் ஓட்டம் குறையும். எந்த நேரத்தில் கருவி தேவையோ, அந்த நேரத்தில்தான் அது தடுமாறும்.

நிறமும் இருக்கிறது. ஆக்சிஜன் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளில், உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இதுவும் தோல் வழியே ஒளி பாய்ச்சும் கருவிதான். (கறுப்பு நமக்கு மட்டுமான நிறமல்ல. ஆனால் கறுப்பும் ரத்தச்சோகையும் தோட்டக்கூலியும் ஒரே உடம்பில் சேர்வது எந்தத் தெருவில் என்று நமக்குத் தெரியும்.) நம் பெண்களின் விரலில் சோதித்தீர்களா என்று கேட்க உரிமை உண்டு.

2014 நவம்பரில் பிலாஸ்பூரில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பி கருத்தடை செய்தார்கள். 13 பேர் செத்தார்கள். அங்கே கொன்றது இந்தக் கருவியல்ல. ஏழைப் பெண்ணுக்கு இவ்வளவு போதும் என்ற அவசரம். 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

கருவி இருக்கட்டும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும். லேப் சோதனைக்குப் பதிலாக அதை வைக்கக் கூடாது. அத்தைக்கோ சின்னம்மாவுக்கோ துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகும் தம்பி தங்கைகளே, இதைக் கேளுங்கள்: ரத்தம் எடுத்துப் பார்த்தீர்களா, எத்தனை பாயிண்ட், எந்தத் தேதியில்? சீட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள்.